மெட்ராஸ் ஐ காலத்தில் ஒரு கண் ஆபரேஷன்

1. பெஞ்சின் கடைசியில்

அன்றைக்குக் காலையில் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைவதே பெரும்பாடாகிவிட்டது. வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் ஆட்கள். அத்தனை பேருக்கும் கண் சிவந்திருந்தது. பாதிப் பேர் கருப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். மீதிப் பேர் கைக்குட்டை, முந்தானை, தோள்துண்டு என்று கையில் கிடைத்ததால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார்கள். மில்லில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்களின் தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது.

ஊருக்குள் மெட்ராஸ் ஐ வந்துவிட்டது.

எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது இது. அப்போது நான் இராஜபாளையத்தில் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரியில் தியேட்டர் சிஸ்டர். அதாவது ஆபரேஷன் தியேட்டர் என் பொறுப்பு. டாக்டர் சந்தானம் ஒருவர்தான் டாக்டர். ஓ.பி.யை, அதாவது வந்து போகிற நோயாளிகளை, பார்த்துக்கொள்ள, மருந்து கொடுக்க, கம்பவுண்டர் அருளப்பன். வார்டுக்கு ரங்கம்மா என்று ஓர் ஆயா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் ஆஸ்பத்திரியிலும் தெலுங்குதான்.

மெட்ராஸ் ஐ-யைக் கண்டு பொதுவாக யாரும் பயப்படுவதில்லை. சில நாள் உறுத்தும், பீளை தள்ளும், பிறகு தானாக அடங்கிவிடும். ஆனால் கண் ஆபரேஷன் நடக்கிற இடத்தில் அது பெரிய எதிரி. கண்ணைத் திறந்து, புரையை எடுத்து, தையல் போட்டு வைத்திருக்கும் நேரத்தில் இந்தத் தொற்றும் அதன் பின்னாலேயே வரும் சீழும் சேர்ந்துகொண்டால் பார்வையே போய்விடலாம்.

அதனால் டாக்டர் வந்ததும் வராததுமாகச் சொன்னார்: "புரை கேஸ் எதையும் இப்ப எடுக்க வேண்டாம் சிஸ்டர். அட்மிட் ஆனவங்களையும் வீட்டுக்கு அனுப்பிருங்க. இது ஓயட்டும், பொறவு பாத்துக்கலாம்."

அனுப்பினோம். வார்டு காலியானது. தியேட்டரைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அருளப்பனுக்கு ஒத்தாசையாக ஓ.பி.க்குப் போனேன். அவர் வரிசையை வேகமாக நகர்த்திக்கொண்டிருந்தார். "மேல பாருங்க. கீழ பாருங்க. மெட்ராஸ் ஐ. மருந்து வாங்கிட்டுப் போங்க. அடுத்து யாரு?" அந்தக் கூட்டத்தில் வேறு எப்படிப் பார்க்க முடியும்?

பெஞ்சின் கடைசியில் ஓர் அம்மா தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் அவர் கணவர். தன் தோள்துண்டால் மனைவியின் கண்ணை ஒற்றி எடுப்பார், அதே துண்டால் தன் முகத்து வேர்வையைத் துடைப்பார், மறுபடி மனைவியின் கண். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா குனிந்து தரையில் வாந்தி எடுத்தார்.

மெட்ராஸ் ஐ-யில் வாந்தி வராது. நான் கிட்டே போனேன்.

"எப்ப இருந்து இப்படி இருக்கு?"

கணவர்தான் பதில் சொன்னார். "வெள்ளிக்கிழமையில இருந்து சிஸ்டரம்மா. மண்டையப் பொளக்குதுங்கா. சோறு எறங்கல. ஊரெல்லாம் கண்ணு செவந்து கெடக்குல்லா, அதுதான் இதுன்னு நெனச்சோம். தன்னால சரியாயிரும்னு சொன்னாவ."

"எந்த ஊரு?"

"தேவதானம். நான் குருசாமி. இவ சீனியம்மா."

டார்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண் சின்ன வயதிலேயே பெரியம்மையில் போய்விட்டது. சுருங்கி, வெள்ளை விழுந்து கிடந்தது. இடது கண் சிவந்திருந்தது, ஆனால் பீளை இல்லை. கருவிழி பனி படிந்த கண்ணாடிபோல மங்கியிருந்தது. அதற்குப் பின்னால் பால்போல வெளுத்த புரை. கண்ணின் பாப்பா பாதி விரிந்தபடி நின்றது. வெளிச்சம் பட்டும் சுருங்கவில்லை.

"என் கை தெரியுதாம்மா?"

"வெளிச்சம் தெரியுது தாயி. கை தெரியல."

"முன்னாடி தெரிஞ்சதா?"

"போன மாசம் களை எடுத்தேனே. மங்கல்தான். ஆனாலும் களை எது, பயிர் எதுன்னு தெரியும்லா."

நான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவர் மூடிய இமைமேல் இரண்டு விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். உடனே முகம் மாறிவிட்டது.

"கல்லு மாதிரி இருக்கு சிஸ்டர். புரை முத்தி லென்ஸ் ஊதிருச்சு. உள்ள ஊறுற தண்ணி வெளிய போற வழிய அது அடைக்குது. பிரஷர் ஏறிட்டே போகும். இப்படியே விட்டா நரம்பு செத்துரும்."

"வலது கண்ணு ஏற்கெனவே..."

"பாத்தேன். இது ஒண்ணுதான் மிச்சம்."

மதுரையில் தனக்குத் தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டார். அங்கும் இதே கதைதான். ஆட்களில் பாதிப் பேர் சிவந்த கண்ணோடு வீட்டில் இருக்கிறார்களாம். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிரஷரை மருந்துல இறக்கிரலாம். ஆனா அது ரெண்டு நாள்தான் தாங்கும். அதுக்குள்ள புரைய எடுக்கணும். இங்கதான் எடுக்கணும்."

வாசலில் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. காலையில் பூட்டிய தியேட்டரின் சாவி என் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது.

2. எது எதைத் தொடுகிறது

சீனியம்மாளைக் கோடி அறையில் படுக்க வைத்து மானிட்டால் டிரிப் ஏற்றினோம். டயமாக்ஸ் மாத்திரை, எலுமிச்சம்பழம் பிழிந்த கிளிசரின், சொட்டு மருந்து எல்லாம் தொடங்கியாயிற்று. மத்தியானத்துக்குள் தலைவலி குறைந்து தூங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு டாக்டர் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"மெட்ராஸ் ஐ ஒருத்தர் கண்ணுல இருந்து இன்னொருத்தர் கண்ணுக்கு எப்படிப் போகுது?"

ரங்கம்மா சொன்னார்: "பாத்தாலே ஒட்டிக்கும் சார். அதான் நான் யாரு மூஞ்சியும் பாக்கல." உண்மைதான். காலையிலிருந்து அவர் முந்தானையால் முகத்தை மூடி, சுவரைப் பார்த்தபடி பக்கவாட்டில்தான் நடந்துகொண்டிருந்தார்.

"பாத்தா ஒட்டாது ரங்கம்மா. எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க. தொட்டாதான் ஒட்டும். வாங்க காட்டுறேன்."

ஓ.பி. அறைக்குள் எங்களை நடத்திக்கொண்டு போனார். ஸ்டாண்டில் ஒரு எனாமல் பேசின், அதில் சாவ்லான் தண்ணீர். நாங்கள் எல்லோரும் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அதில் கையை முக்கி எடுப்போம். அப்போது எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம். "இது கை கழுவுற தண்ணியில்ல. காலையில இருந்து வந்த எல்லார் கண்ணும் இதுக்குள்ள இருக்கு." பக்கத்தில் தொங்கிய டவலைக் காட்டினார். "இதுவும் அப்படித்தான்." மேசைமேல் இருந்த சொட்டு மருந்து பாட்டிலை எடுத்தார். அதன் மூக்கு ஒவ்வொருவர் இமையிலும் பட்டுப் பட்டு வந்தது. கண் பிரஷர் பார்க்கிற டோனோமீட்டரை எடுத்தார். அது விழிமேலேயே உட்கார்கிற கருவி. பிறகு கதவுக் கைப்பிடி, டார்ச், அவருடைய சட்டைப்பை பேனா. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டுக் கடைசியில் தன் கையை விரித்துக் காட்டினார்.

எல்லாம் படித்ததுதான். நர்சிங் ஸ்கூலில் பரீட்சையே எழுதியிருக்கிறேன். ஆனால் தினமும் புழங்குகிற அறைக்குள் பொருள் பொருளாக நின்று ஒருவர் காட்டும்போதுதான் அது கண்ணில் பட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியை இரண்டாகப் பிரித்தோம்.

முன் கேட் சிவந்த கண்ணுக்கு மட்டும். அவர்கள் கட்டடத்துக்குள்ளேயே வர வேண்டாம். சைக்கிள் ஷெட்டைக் காலி செய்து அங்கேயே பார்ப்பது. இமையை நோயாளியே தன் விரலால் இழுத்துக் காட்ட வேண்டும், நாங்கள் டார்ச் மட்டும் அடிப்போம். அடிப்பக்கம் குழாய் வைத்த தண்ணீர் டிரம் ஒன்று, சோப்பு ஒன்று. ஒரு ஆளைப் பார்த்ததும் ஓடுகிற தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் அடுத்த ஆள். வாந்தி, கடும் தலைவலி, பார்வை மங்கல் என்று யார் சொன்னாலும் அவரைத் தனியே உட்கார வைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பின் கேட் வார்டுக்கும் தியேட்டருக்கும். ஷெட்டில் வேலை செய்கிறவர் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் ஷெட்டுக்குப் போகக்கூடாது. அருளப்பன் வெளியே. நானும் ரங்கம்மாவும் உள்ளே. யாருக்காவது கண் லேசாக அரித்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும், யாரும் குறை சொல்லக்கூடாது, சம்பளத்திலும் கை வைக்கமாட்டேன் என்று டாக்டர் சொன்னார்.

துடைக்கத்தான் துணி வேண்டியிருந்தது. துவைத்துத் துவைத்து உபயோகிக்கிற டவல் இனிமேல் ஆகாது. பக்கத்துத் தெருவில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவருக்கே ஒரு கண் சிவந்திருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் வாசலிலேயே பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"நான் தொடல சிஸ்டர். உள்ள புதுக் கட்டு இருக்கு, கண்ணு நல்லா இருக்கிற ஆளை விட்டு எடுத்துத் தரச் சொல்றேன்."

காஸ் என்கிற அந்த மெல்லிய கட்டுத்துணியை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஸ்டீல் டப்பாவில் அடுக்கி, ஆட்டோகிளேவ் நீராவியில் வேக வைத்தோம். ஒரு துண்டு ஒரு முறைதான். துடைத்ததும் மூடி போட்ட வாளிக்குள் போய்விடும், பிறகு எரித்துவிடுவோம்.

தியேட்டரைக் கழுவி, ஃபார்மலின் புகை போட்டு மூடினேன். சீனியம்மாளுக்கென்று தனி மருந்து பாட்டில், அதில் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினேன். டோனோமீட்டரை அந்த அறையை விட்டு வெளியே கொண்டுபோகவே இல்லை. ஒவ்வொரு முறையும் அதன் அடித்தட்டை ஸ்பிரிட் விளக்கில் காட்டி ஆறவிட்டுத்தான் வைத்தோம்.

மிச்சம் இருந்தது குருசாமியின் துண்டு. அதுதான் சிரமமாக இருந்தது.

"அவளுக்குக் கண்ணத் தொடைக்க நான்தான் இருக்கேன். இந்தத் துண்டு இல்லாம எப்படி?"

"இந்தத் துண்டுலதான் ஓ.பி. பெஞ்சு, பஸ்ஸு, உங்க மூஞ்சி எல்லாம் இருக்கு. அது அவங்க கண்ணுக்குப் போகக்கூடாது."

"அப்ப என்னையவும் கிட்டப் போகக்கூடாதுங்கியளா?"

"போகலாம். கை கழுவிட்டுப் போங்க. கண்ண மட்டும் தொடாதீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். பேச்சுச் சத்தத்தில் விழித்திருந்த சீனியம்மாள், "குடுத்துருங்க. அந்தத் துண்டு நாத்தம் எனக்கே தாங்கல" என்றார். ரங்கம்மா ஒரு குச்சியால் துண்டை வாங்கிக்கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரில் போட்டார்.

3. கேட்டுக்கு வெளியே டாக்டர்

ஆபரேஷன் அன்று காலையில் பிரஷர் நன்றாக இறங்கியிருந்தது. கண்ணில் பீளை இல்லை. பெஞ்சில் அத்தனை நேரம் அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தவருக்கு இதுவரை ஒட்டவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தியேட்டரைத் திறந்து, கருவிகளை எடுத்து வைத்துவிட்டு டாக்டருக்காகக் காத்திருந்தேன்.

பின் கேட்டில் சத்தம் கேட்டது. டாக்டர் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றார்.

"சிஸ்டர், அங்கயே நில்லுங்க. கிட்ட வராதீங்க."

போட்டிருந்த கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். இடது கண் செக்கச்செவேல் என்றிருந்தது.

 ஓ.பி.யில் சிவந்த கண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர். நாங்கள் ஆஸ்பத்திரியைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவருக்கு ஒட்டியிருக்க வேண்டும்.

"தள்ளிப் போட முடியாதா டாக்டர்?"

"எனக்கு இது அடங்க வாரக் கணக்காகும். அந்தக் கண்ணு அதுவரைக்கும் தாங்காது."  "பத்மாவதியக் கூப்பிட்டுப் பாக்குறேன். வருவாங்களான்னு தெரியல."

டாக்டர் பத்மாவதி முன்பு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். இரண்டு பேருக்கும் ஏதோ மனஸ்தாபம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாகக் கிளினிக் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசிக்கொண்டதில்லை.

டாக்டர் போன் பண்ண வீட்டுக்குப் போனார். நான் உள்ளே திரும்பினால் குருசாமி வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, இங்க நிக்கிறீங்க?"

திரும்பாமலே சொன்னார்: "எனக்கும் செவந்துருச்சு சிஸ்டரம்மா. காலையில எந்திரிக்கும்போதே கண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. உள்ள போகல. அவ கூப்பிட்டா. நான் போகல."

 அவரைப் பின்பக்க முற்றத்து வேப்பமரத்தடிக்கு அனுப்பினேன். சீனியம்மாள் படுத்திருந்த அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். "கிட்ட வராதீங்க. மரத்தடியில இருந்து பேசுங்க, அவங்களுக்குக் கேக்கும்" என்றேன்.

வெயில் ஏறியபோது டாக்டர் பத்மாவதி வந்தார். கார் இல்லை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"டிரைவருக்குக் கண்ணு செவந்துருச்சு. டவுன் பஸ்ல வந்தேன். பஸ்ல பாதிப் பேர் கருப்புக் கண்ணாடி. கம்பியப் புடிக்காமலே நின்னுக்கிட்டு வந்தேன் செல்வம். ரெண்டு தடவ விழப் பாத்தேன்." என் பெயர் ஞானசெல்வம். அவருக்கு நான் எப்போதும் செல்வம்தான். வந்தவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "காலையில கிளினிக்குல நானும் செவந்த கண்ணு பாத்துட்டுத்தான் வாரேன். அதனால என்னை மொதல்ல பேஷண்டா நெனைங்க. பொறவு டாக்டரா நெனைங்க. என்ன செய்யணும், சொல்லுங்க."

நான் சொன்னேன். தலைக்குக் குளிக்க வேண்டும். வெந்நீர் வைத்திருக்கிறேன். சேலையை மாற்ற வேண்டும், என்னுடைய துவைத்த சேலை இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வெளியே. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையாட்டினார். குளித்து, என் பச்சை வாயில் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தவர், "நல்லாத்தான் இருக்கு, திருப்பித் தரமாட்டேன்" என்றார்.

கை கழுவப் போகுமுன் பின் கேட்டுக்குப் போனார். டாக்டர் சந்தானம் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்றார். இரண்டு பேருக்கும் நடுவே தெரு அகலம்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா."

"கண்ணு எப்படி சார் இருக்கு?"

"உறுத்துது. அது கெடக்கட்டும். லென்ஸ் ரொம்ப ஊதியிருக்கு. தெறந்ததும் உள்ள இருந்து தள்ளும். அவசரப்படாம..."

"தெரியும் சார். நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

 

4. தியேட்டருக்குள்

சீனியம்மாளைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து மேசையில் படுக்க வைத்தோம். நான் கை கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு பத்மாவதி டாக்டர் பக்கத்தில் நின்றேன். வெளியிலிருந்து வேண்டியதை எடுத்துக் கொடுக்க ரங்கம்மா. மரத்துப்போகிற ஊசியை டாக்டர் கையில் எடுத்த நேரம் அது.

"சிஸ்டர்," என்று கதவுப் பக்கமிருந்து ரங்கம்மாவின் குரல். "நாக்கு கண்ணு அரிக்குதும்மா."

பதற்றத்தில் தெலுங்கும் தமிழும் கலந்துவிட்டது; 'நாக்கு' என்றால் தெலுங்கில் 'எனக்கு'. திரும்பிப் பார்த்தேன். ஏற்கெனவே கதவுக்கு வெளியே போய்விட்டிருந்தார். இரண்டு கையையும் மார்போடு கட்டியிருந்தார், கண்ணைத் தொட்டுவிடாமல் இருக்க.

"எதையாவது தொட்டீங்களா ரங்கம்மா?"

"இல்லம்மா. இப்பதான் அரிச்சுது. ஒடனே வெளிய வந்துட்டேன்."

"நல்லது. வீட்டுக்குப் போங்க. கை கழுவிட்டுப் போங்க."

அவர் அதை மறைத்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஆபரேஷன் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். வேலைக்காரருக்கு அப்படித் தோன்றுவதுதான் இயல்பு. சந்தானம் டாக்டர் அன்றைக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தை, யாரும் குறை சொல்லக்கூடாது என்றது, எங்களைக் காப்பாற்றியது.

இனி வெளியிலிருந்து எதையும் எடுத்துத் தர ஆள் இல்லை. "வேண்டியது எல்லாம் மேசையில இருக்கா செல்வம்?" என்று டாக்டர் கேட்டார். ஒருமுறை கண்ணை ஓட்டினேன். "இருக்கு டாக்டர்." "அப்ப நாம ரெண்டு பேரே போதும்."

ஊசி போட்டு, கண்ணை மெதுவாக அழுத்திவிட்டு, காத்திருந்து, வெட்டு வைத்தார். சந்தானம் டாக்டர் சொன்னதுபோலவே உள்ளேயிருந்து தள்ளியது. கண் பாப்பாவைச் சுற்றியிருக்கும் கருமணித் திரை வெட்டு வாய்க்கு வந்து எட்டிப் பார்த்தது.  பத்மாவதி டாக்டர் கருவியை எடுத்துவிட்டு அப்படியே நிறுத்தினார்.

"அம்மா, இருமல் வருதா? மூச்சு முட்டுதா?"

துணிக்கு அடியிலிருந்து சீனியம்மாள் சொன்னார்: "இல்ல தாயி. அவிய சத்தம் கேக்கல, அதான் என்னமோ போல இருக்கு."

பயத்தில் உடம்பை இறுக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். தியேட்டர் ஜன்னல்களும் அந்த வேப்பமரத்து முற்றத்தைப் பார்த்தவைதான், ஆனால் மூடியிருந்தன. நான் கையைத் தூக்கிப் பிடித்தபடியே ஜன்னல் கிட்டே போய் உரக்கக் கத்தினேன். "குருசாமியண்ணே! ஏதாவது பேசுங்க!"

 கண்ணாடியைத் தாண்டி மங்கலாக அவர் குரல் வந்தது. "ஏட்டி, பயப்படாத. நான் இங்கதான் நிக்கேன். மரத்தடியிலதான் நிக்கேன். கேக்குதா?"

"கேக்குது," என்றார் சீனியம்மாள், எங்களுக்கு மட்டும் கேட்கிற குரலில். இறுகியிருந்த தோள் தளர்ந்ததைத் துணிக்கு மேலேயே பார்த்தேன்.

குருசாமி பேசிக்கொண்டே இருந்தார். மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார். பக்கத்து வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றார். சொல்ல விஷயம் தீர்ந்ததும் சொன்னதையே மறுபடி சொன்னார். உள்ளே கண் மெல்ல மெல்ல அடங்கியது. திரை தன் இடத்துக்குத் திரும்பியது. டாக்டர் சவ்வைக் கீறி, மெதுவாக அழுத்த, முற்றிய புரை முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. தையல் போட்டு முடித்து, களிம்பு வைத்து, கண்ணைக் கட்டினோம்.

 

5. ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

கட்டுப் போட்ட பிறகு சீனியம்மாளுக்கு முழு இருட்டு. உள்ளே நான் ஒருத்திதான். சாப்பாடு ஊட்டுவது, நடக்க வைப்பது, மருந்து விடுவது எல்லாம் நான்தான். குருசாமி மரத்தடியை விட்டு நகரவில்லை. சாப்பிடும்போதுகூட ஜன்னலைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். கருப்புக் கண்ணாடி ஒன்றை அருளப்பன் அவருக்குக் கொடுத்திருந்தார்.

பத்மாவதி டாக்டர் தினமும் வந்து, குளித்து, என் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, கட்டைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நாங்கள் தேடியது ஒன்றுதான், பீளை இருக்கிறதா.

ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது பஞ்சில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. இமை ஓரத்திலும் பசை.  இத்தனை கட்டுக்காவலும் வீணாகிவிட்டதா? டாக்டர் காஸ் துண்டால் ஓரத்தை ஒற்றி எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"களிம்பு. நேத்து வச்ச களிம்புதான், கண்ணீரோட சேர்ந்து காஞ்சிருக்கு. கருவிழி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு. பாருங்க."

பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பி என் கண்ணைத் துடைக்கப் போனேன். டாக்டர் சத்தம் போட்டார்: "கை! கை!" கண்ணீர் தானாகக் காயட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டை நிரந்தரமாக எடுத்த அன்று, ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தருகிற தடித்த கண்ணாடியை அவர் முகத்தில் வைத்துப் பிடித்தேன்.  சீனியம்மாள் என் முகத்தைப் பார்த்து, "நீ இம்புட்டுச் சின்னப் பிள்ளையா? குரலக் கேட்டு வயசானவளுன்னுல்லா நெனச்சேன்" என்றார். எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. இருந்தாலும் அந்த வார்த்தை பிடித்திருந்தது.

மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பினார். "மரத்தடியில ஒரு ஆளு நிக்கி."

"யாருன்னு தெரியுதா?"

"நிக்கிற நிப்பப் பாத்தா எங்க வீட்டு ஆளு மாதிரி இருக்கு. ஆனா அவிய கருப்புக் கண்ணாடி போட மாட்டாவளே."

அது வெளியே கேட்டுவிட்டது. குருசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜன்னலை நோக்கி இரண்டு எட்டு எடுத்து வைத்தார். "நான்தான். சீனி, நான்தான். தெரியுதா?"

"தெரியுது, தெரியுது. அங்கயே நில்லுங்க. கிட்ட வராதிய, கண்ணு இன்னும் செவப்பாத்தான் இருக்கு!"

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கினவர், ஞாபகம் வந்து கையைக் கீழே போட்டார்.

6. அதற்குப் பிறகு

அந்தத் தடவை மெட்ராஸ் ஐ ஓய்ந்து போனது. ஆனால் நாங்கள் பேசினைத் திரும்ப வைக்கவில்லை. குழாய் டிரம் ஓ.பி.யில் நிரந்தரமாக இடம் பிடித்தது. பிறகு அதற்குப் பதில் சுவரில் குழாயே வந்துவிட்டது. ஒரு நோயாளிக்கு ஒரு பாட்டில் என்பதும் அப்படியே நின்றது.

இரண்டு டாக்டர்களும் பழைய மனஸ்தாபத்தைப் பற்றிப் பேசித் தீர்த்துக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். மெட்ராஸ் ஐ பரவத் தொடங்கினால் ஒரு ஊரில் சிவந்த கண், மறு ஊரில் ஆபரேஷன். இராஜபாளையம் ஓ.பி. பார்த்தால் அவசர கேஸ் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகும். அடுத்த தடவை அது மாறும். தொண்ணூறுகளில் எத்தனையோ முறை அந்த நோய் வந்து போனது. அவசர கேஸுக்கு எங்கள் தியேட்டர்களில் ஏதாவது ஒன்று திறந்தே இருந்தது. சுந்தரபாண்டியத்திலிருந்து வந்த ஒரு பையனின் கண்ணில் முள் குத்தியபோதும், மில்லில் தெறித்த இரும்புத் துணுக்கோடு ஒருவர் வந்தபோதும், "இப்ப முடியாது, பொறவு வாங்க" என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது நர்சிங் முடித்து வருகிற பிள்ளைகளுக்கு எங்களிடம் இல்லாததெல்லாம் இருக்கிறது. ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற கிளவுஸ், பாக்கெட்டில் அடைத்த ஸ்டெரைல் பேட், கையில் தேய்த்ததும் காய்ந்துபோகிற மருந்து. நல்ல விஷயம். அவை இருக்கும்போது வேலை சுலபம். ஆனால் கூட்டம் கேட்டைத் தள்ளிக்கொண்டு வரும்போது, எல்லாக் கண்ணும் ஒரே மாதிரி சிவந்து தெரியும்போது, நம்மை அறியாமல் "அடுத்து, அடுத்து" என்று வாய் சொல்லத் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒவ்வொரு கண்ணையும் அது ஒன்றுதான் இருக்கிறது என்பதுபோலப் பாருங்கள். பார்த்து முடித்ததும் கையைக் கழுவுங்கள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள்.